சம்பந்தியம்மாளும் அறுபத்தைந்து லிட்டர் பையும்

முதுகில் மாட்டுகிற பையை லிட்டர் கணக்கில் விற்பார்கள் என்பது பான் நகரத்துக்குப் போகும்வரை எனக்குத் தெரியாது. எங்கள் ஊரில் லிட்டர் என்றால் பால், எண்ணெய், அப்புறம் குக்கர். குக்கர் விஷயத்தில் என்னை யாரும் ஏமாற்ற முடியாது. நாகர்கோவிலில் பாத்திரக்கடை வைத்திருக்கிறோம். கணக்கு வழக்கு என் வீட்டுக்காரர் பார்ப்பார், வாய் பேசி விற்பது நான். மூன்று லிட்டரா ஐந்து லிட்டரா என்று தலையைச் சொறிகிறவர்களிடம் நான் சொல்வது ஒன்றே ஒன்றுதான்: "ஒரு சைஸ் பெரிசா எடுத்துக்கிடுங்க. திடீர்னு நாலு பேரு வந்தா என்ன செய்வீங்க?" இந்தப் பேச்சைக் கேட்டுக் கெட்டுப்போன வாடிக்கையாளர் ஒருவர்கூடக் கிடையாது. நான்தான் கெட்டேன், அதுவும் ஜெர்மனியில் ஒரு மலைக்காட்டுக்குள்.

போன காரணத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எங்கள் மகள் இனியா பானில் ஆராய்ச்சிப் படிப்பு படிக்கிறாள். படிப்பு முடியும் தறுவாயில், ஒரு பையனைப் பிடித்திருக்கிறது என்று போனில் சொன்னாள். பெயர் நிரோஷன். டோர்ட்மண்டில் பிறந்து வளர்ந்தவன், யாழ்ப்பாணத்துக் குடும்பம். அப்பா தவறிவிட்டார், அம்மாவுக்கு ஒரே பிள்ளை. நானும் என் வீட்டுக்காரரும் கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்து பார்த்தோம். தூக்கி வைத்த முகத்தை அங்கிருந்து பார்க்க ஆளில்லாததால் அலுத்துப்போய் ஒரு முடிவுக்கு வந்தோம். எந்த ஊர்ப் பையனாக இருந்தால் என்ன, கல்யாணம் செய்து வைக்கலாம். ஆனால் பிள்ளை திரும்பி வந்துவிட வேண்டும். சென்னையோ பெங்களூரோ, ராத்திரி ரயில் ஏறினால் காலையில் போய்ப் பார்க்கிற தூரத்தில் இருக்க வேண்டும். எங்களுக்கும் அவள் ஒருத்திதான்.

"நீ போய்ப் பாரு. அந்த அம்மாகிட்ட நேராவே கேட்டுரு. பிள்ளைங்க இங்க வந்து இருக்கட்டும்னு வாக்குக் கொடுத்தா சரின்னு சொல்லு. இல்லேன்னா ஒண்ணும் சொல்லாம வந்துரு" என்று சொல்லிவிட்டு அவர் கடையைப் பார்த்துக்கொள்ள நின்றுகொண்டார். அந்த வாக்கை வாங்கி வருவதுதான் என் வேலை.

சம்பந்தி பேச்சு என்றால் ஒரு ஹால், நாலு நாற்காலி, ஒரு தட்டு கேசரி என்று நான் நினைத்துப் போனேன். இனியா வேறு திட்டம் வைத்திருந்தாள். சனிக்கிழமை ஐஃபெல் மலைக்காட்டில் நடப்பது, ராத்திரி காட்டுக்குள் கூடாரம் போட்டுத் தங்குவது, ஞாயிற்றுக்கிழமை இறங்குவது. அவள், அவன், அவன் அம்மா, நான்.

"வீட்டுக்குள்ள உக்காந்தா ரெண்டு பேரும் நல்லா நடிப்பீங்கம்மா. நடந்தா மூச்சு வாங்கும், நடிக்க முடியாது" என்றாள்.

"மக்களே, அந்த அம்மாவுக்கு அறுபது வயசுன்னு சொன்னியே, அவங்களால முடியுமா?" எங்கள் ஊரில் பெற்ற பிள்ளை ஒன்றே ஒன்றானாலும் 'மக்களே'தான்.

"அவங்க சரின்னு சொல்லிட்டாங்க."

அந்த அம்மா சரி என்று சொன்ன பிறகு நான் முடியாது என்றால் மானம் போகும். எங்கள் ஊர் மருத்துவாமலையில் ஏறி இறங்கினவள்தானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் ஏறியது கல்யாணத்துக்கு முன்பு என்பது வேறு விஷயம்.

வியாழக்கிழமை பை வாங்கப் போனோம். மூக்கில் வளையம் போட்ட ஒரு பெண் வந்தாள். என் முகத்தைவிட முதுகைத்தான் அதிகமாகப் பார்த்தாள். தலையைக் குனியச் சொல்லி, கழுத்தடியில் துருத்திக்கொண்டிருக்கிற எலும்பில் டேப்பை வைத்து இடுப்பெலும்பு வரைக்கும் அளந்தாள். ஆள் உயரத்துக்கும் பைக்கும் சம்பந்தமில்லையாம், முதுகின் நீளம்தான் கணக்காம். பாரம் தோளில் தொங்கக் கூடாதாம், இடுப்பில் உட்கார வேண்டுமாம். இனியா மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல நான் தலையாட்டினேன். குடத்தை இடுப்பில் வைக்கிற ஊர்க்காரிக்கு இதை ஜெர்மன்காரி சொல்லித் தர வேண்டுமா?

பிறகு ஒரு பைக்குள் மணல் மூட்டைகளைப் போட்டு என் முதுகில் மாட்டி, பட்டைகளை இழுத்துக் கட்டி, கடைக்குள்ளேயே இருந்த மரப்படிகளில் ஏறி இறங்கச் சொன்னாள். எனக்கு அந்த வியாபாரம் பிடித்திருந்தது. எங்கள் கடையிலும் தண்ணீர் ஊற்றித் தூக்கிப் பார்க்காமல் குடம் வாங்காதவர்கள் உண்டு.

"ஒரு ராத்திரிதானே, நாற்பது லிட்டர் தாராளமாகப் போதும்" என்றாள் அவள்.

சரிதான். ஆனால் பக்கத்திலேயே அறுபத்தைந்து லிட்டர் பை ஒன்று தொங்கியது. பழைய மாடல் என்று தள்ளுபடி போட்டு, கிட்டத்தட்ட அதே விலைக்கு வைத்திருந்தார்கள். அதே விலைக்கு இருபத்தைந்து லிட்டர் கூட வருகிறதென்றால் வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன கிறுக்கா? அதை எடு என்றேன். கடைப் பெண் தலையை ஆட்டினாள். "பெரிய பை வாங்கினால் அதை நிரப்பித்தான் தீர்வீர்கள். எல்லாரும் அப்படித்தான்" என்றாள். நான் அதை மாட்டிக்கொண்டு நின்றபோது, பின்னாலிருந்து பார்த்தால் ஆளே தெரியவில்லை என்று இனியா சொன்னாள்.

"அம்மா, நீ குக்கர் வாங்கல."

"எல்லாத்துக்கும் கணக்கு ஒண்ணுதான், மக்களே."

கையில் பணத்தோடு பெரிய சாமானைக் கேட்கிறவளிடம் சின்னதை எடு என்று கடைசிவரை மல்லுக்கட்டினாள் அந்தப் பெண். வியாபாரம் தெரியாத பிள்ளை என்று பரிதாபப்பட்டுக்கொண்டு அறுபத்தைந்தை வாங்கி வந்தேன்.

வெள்ளிக்கிழமை இனியா பல்கலைக்கழகத்துக்குப் போன நேரத்தில் பையை அடுக்கினேன். சம்பந்தியை முதன்முதலாகப் பார்க்கப் போகிறோம். மலையாக இருந்தால் என்ன, மாளிகையாக இருந்தால் என்ன, பெண்ணைப் பெற்றவள் வெறுங்கையை வீசிக்கொண்டு போக முடியுமா? ஊரிலிருந்து கொண்டுவந்த பட்டுச்சேலை, ஒரு டின் முந்திரிக்கொத்து, நேந்திரங்காய் சிப்ஸ், தேங்காய், எல்லாம் வைத்துக் கொடுக்க ஒரு எவர்சில்வர் தாம்பாளம். அப்புறம் எங்கள் கடையிலேயே நல்லதாகப் பார்த்து எடுத்த மூன்று லிட்டர் குக்கர். பாத்திரக்கடைக்காரி குக்கர் கொடுக்காமல் வேறு யார் கொடுப்பது? இனியாவிடம் சொன்னால் தடுப்பாள் என்று சொல்லவில்லை.

பாத்திரக்கடையில் இருப்பவளுக்கு இடம் சும்மா கிடந்தால் பொறுக்காது. ஒன்றுக்குள் ஒன்றாகப் போட்டுத்தான் பழக்கம். குக்கருக்குள் அரிசியும் பருப்பும் வைத்தேன், அதற்கு நடுவே ஊறுகாய் பாட்டிலைச் செருகினேன். தாம்பாளத்தை முதுகுப் பக்கம் நிறுத்தி வைத்தேன். அடியில் ராத்திரி உள்ளே புகுந்து தூங்குகிற பை, மேலே மாற்றுத்துணி. மூடியை இழுத்துக் கட்டியபோது, ஒரு விரல் நுழைய இடமில்லாமல் அடுக்கியிருக்கிறோமே என்று பெருமையாகவே இருந்தது. சாயங்காலம் வந்த இனியா பையை நகர்த்திப் பார்த்தாள். அது நகரவில்லை.

"இதுக்குள்ள என்னம்மா இருக்கு?"

"மாத்துத்துணி" என்றேன்.

சனிக்கிழமை காலையில் நாங்கள் போக வேண்டிய ரயில் ஓடவில்லை. தண்டவாளத்தில் வேலை நடக்கிறது, பதிலுக்குப் பஸ் விடுகிறோம் என்று எழுதிப் போட்டிருந்தார்கள். பஸ்ஸில் ஏறியதும்தான் அறுபத்தைந்து லிட்டர் என்றால் என்னவென்று புரிய ஆரம்பித்தது. நான் திரும்பினால் பை பின்னால் இருக்கிறவரை இடித்தது. அவரிடம் மன்னிப்புக் கேட்கத் திரும்பினால் இந்தப் பக்கத்துக்காரரை இடித்தது. ஒரு பெரியவரின் கையிலிருந்த காபி அவர் மடியிலேயே விழுந்தது. எங்கள் ஊராக இருந்தால் பஸ் முழுக்க ஆளுக்கொரு யோசனை சொல்லியிருக்கும். இங்கே எல்லாரும் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்கள். ஒரு கிழவி மட்டும் பக்கத்தில் இருந்த கணவரிடம் மெல்ல ஏதோ சொன்னார். இனியா சிரிப்பை அடக்கிக்கொண்டு எனக்குச் சொன்னாள்: "'பாவம், அந்த அம்மா வீட்டை விட்டே கிளம்பிட்டாங்க போல'ங்கிறாங்க."

சின்ன ஊர் ஒன்றின் ரயில் நிலையத்தில் நிரோஷனும் அவன் அம்மாவும் காத்திருந்தார்கள். அம்மாவின் பெயர் வசந்தி. சேலை கட்டிக்கொண்டு, கையைப் பிடித்து நடத்திக் கூட்டிப்போக வேண்டிய ஒரு அம்மாவை நான் எதிர்பார்த்திருந்தேன். கால்சட்டை, கணுக்கால் வரை ஏறிய மலையேறுகிற ஷூ, கையில் இரண்டு ஊன்றுகோல், கத்தரித்த நரைமுடி என்று ஒருவர் வந்து என் கையைப் பிடித்தார். முதுகில் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாட்டுகிற அளவுக்கு ஒரு பை. டோர்ட்மண்டில் பல் டாக்டர் ஒருவரிடம் வரவேற்பில் வேலையாம், அங்கே கூட வேலை செய்கிறவர்களோடு சேர்ந்து மாதாமாதம் நடக்கப் போவாராம். இனியா இதை என்னிடம் சொல்லவே இல்லை.

"வாங்கோ ஜெயா, பிரயாணம் சுகமாய் இருந்ததோ?" என்றார். பிறகு என்னைச் சுற்றி வந்து பையைப் பார்த்தார். "எத்தினை கிழமைக்கு வெளிக்கிட்டனீங்கள்?" எத்தனை வாரத்துக்குக் கிளம்பியிருக்கிறீர்கள் என்கிறார்.

நிரோஷன் "வணக்கம் அன்ரி" என்று சொல்லிப் பையை வாங்கக் கையை நீட்டினான். நான் விடவில்லை. முதல் நாளே மாப்பிள்ளையைச் சுமக்க வைத்தார்கள் என்ற பேச்சு நாளைக்கு வரக் கூடாது.

நிலையத்துக்கு எதிரே ரொட்டிக்கடையில் ஆளுக்கு ஒரு உருண்டை ரொட்டி, நடுவே வெண்ணெயும் பாலாடைக்கட்டியும். ஜெர்மனிக்காரர்கள் காலையிலேயே இதைக் கடிக்கிற வேகத்தைப் பார்த்தால் பல் டாக்டர்களுக்கு ஏன் அங்கே அவ்வளவு கூட்டம் என்று புரியும். ஊறுகாய் இருந்தால் இறங்கும். ஆனால் ஊறுகாய் குக்கருக்குள் அரிசிக்கு நடுவே இருந்தது.

காடு அழகுதான். பீச் மரங்கள் உயர உயரமாக, கீழே புல்கூட இல்லாமல் பெருக்கி வைத்த மாதிரி. எதிரே வருகிறவர்கள் எல்லாரும் ஹலோ சொன்னார்கள். ஊருக்குள் நம்மை ஏறிட்டுப் பார்க்காத ஜனங்கள் காட்டுக்குள் வந்ததும் சொந்தக்காரர்கள் ஆகிவிடுகிறார்கள். முதல் ஏற்றம்வரை நான் எல்லாருக்கும் பதில் ஹலோ சொன்னேன். அதற்குப் பிறகு என்னால் முடியவில்லை. சபரிமலைக்கு எங்கள் வீட்டுக்காரர் இருமுடியைத் தலையில் வைத்துக்கொண்டு போவார், முன்னும் பின்னும் பாரம் சமமாக இருக்கும். என்னுடைய பாரம் முழுக்கப் பின்னால் இருந்து மலையடிவாரத்துக்கே என்னை இழுத்தது. முன்னால் வசந்தி அக்கா ஊன்றுகோலைத் தட்டிக்கொண்டு தோட்டத்துக்குப் போகிறவர் மாதிரி போய்க்கொண்டிருந்தார்.

அவர் பையைப் பார்க்கப் பார்க்க எனக்கு மனசு இளகியது. எதையெல்லாம் விட்டுவிட்டு வந்த ஜனம் என்று நினைத்துக்கொண்டேன். மூச்சு வாங்கியபடியே கேட்டும் விட்டேன்.

"அக்கா, அந்தக் காலத்துல ஒரு பையோட இந்த நாட்டுக்கு வந்திருப்பீங்க. அதனாலதான் இவ்வளவு குறைச்சலா எடுத்து வைக்கப் பழகிட்டீங்களா?"

அவர் நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். "ஆர் சொன்னது? என்ர மனுசன்தான் அகதியாய் ஒரு பையோட வந்தவர். நான் பிறகு கலியாணம் முடிச்சு வந்தனான், மூண்டு சூட்கேசோட. அதுக்குள்ள ஒரு அம்மியும் இருந்தது. எயார்போட்டில அவர் தலையில கை வச்சிட்டார்."

"பின்ன இது?"

"இது முழங்கால் நோ, ஜெயா. டொக்டர் பாரம் தூக்கக் கூடாதெண்டு சொல்லிப்போட்டார்."

எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்ததில் சமநிலை போய், இரண்டாவது ஏற்றத்தில் அப்படியே பின்னால் உட்கார்ந்து, கவிழ்த்துப் போட்ட ஆமையாகக் கைகால்களை ஆட்டினேன். இனியாவும் நிரோஷனும் ஆளுக்கொரு கையாகப் பிடித்துத் தூக்கினார்கள். பையை விட்டுவிட்டு என்னைத் தூக்கினால் சுலபமாக இருந்திருக்கும்.

பக்கத்தில் ஒரு மர பெஞ்சு இருந்தது. "கழட்டுங்கோ. திறவுங்கோ" என்றார் வசந்தி அக்கா. மறுத்துப் பேச இடம் கொடுக்கிற குரல் இல்லை அது. ஒவ்வொன்றாக வெளியே வந்தது. தாம்பாளம் வந்தபோது இனியா முகத்தைப் பொத்திக்கொண்டாள். தேங்காய் வந்தபோது நிரோஷன் அதை வாங்கித் தட்டிப் பார்த்தான். குக்கர் வந்ததும் வசந்தி அக்கா பெஞ்சில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"உங்களுக்குத்தான் கொண்டு வந்தேன்" என்றேன் எனக்கே கேட்காத குரலில்.

"அம்மாவிட்ட ஏற்கெனவே நாலு இருக்கு அன்ரி" என்றான் நிரோஷன். "இந்தியாவால ஆர் வந்தாலும் குக்கர்தான் கொண்டு வருவினம்."

"நீ சும்மா இரு. இது கடைக்காரி பாத்து எடுத்தது" என்று அவனை அதட்டிவிட்டு, வசந்தி அக்கா சாமான்களைப் பங்கு போட்டார். குக்கரும் அரிசியும் நிரோஷனுக்கு. நான் வாயைத் திறந்தேன். "உங்கட மருமகனாய் வரவேணுமெண்டா சுமக்கட்டும்" என்றார். தேங்காயும் தாம்பாளமும் இனியாவுக்கு. பட்டுச்சேலையை அவர் கையில் எடுத்து, கரையை வெயிலில் விரித்துப் பார்த்து, "வடிவாய் இருக்கு" என்று சொல்லித் தன் சின்னப் பைக்குள்ளே வைத்துக்கொண்டார். "இது எனக்குத்தானே. நான் கொண்டு வாறன்." எனக்கு அந்த இடத்தில் அவரைப் பிடித்துப்போயிற்று.

அந்த வழியாக வந்த வயதான ஜெர்மன் தம்பதிக்கு முந்திரிக்கொத்தை நீட்டினோம். கணவர் ஒன்றைக் கடித்து, நின்று யோசித்து, இன்னொன்று எடுத்தார். மனைவி அதட்டினார். "டாக்டர் இனிப்புச் சாப்பிடக் கூடாதுன்னு சொல்லியிருக்காராம். அவர், 'காட்டுக்குள்ள டாக்டர் இல்ல'ங்கிறாரு" என்று இனியா சொன்னாள். கணவன்மார் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

நினைத்த இடத்தில் கூடாரம் அடிக்க அந்த நாட்டில் அனுமதி இல்லை. காட்டுக்குள் இதற்கென்றே பலகை மேடை போட்டிருக்கிறார்கள். தள்ளி ஒரு மறைப்புக்குள் கழிவறை, தண்ணீருக்குப் பதில் மரத்தூள். விறகு மூட்டக் கூடாது, கையகல கேஸ் அடுப்பு மட்டும். பிள்ளைகள் வெந்நீர் ஊற்றிக் கிளறுகிற ஏதோ பொட்டலச் சாப்பாடு வைத்திருந்தார்கள். படத்தைப் பார்த்தேன். இதைத் தின்னவா மலையேறினோம் என்று சொல்லிக் குக்கரைக் கழுவினேன். அரிசியும் பருப்பும் ஒன்றாகப் போட்டு அடுப்பில் ஏற்றி, ஆடாமல் நிரோஷனைப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன்.

அந்தக் காட்டில் அதுவரை குக்கர் விசில் கேட்டிருக்காது. பக்கத்து மேடையில் இருந்த இரண்டு ஜெர்மன் பையன்கள் கூடாரத்திலிருந்து தவழ்ந்து வெளியே வந்து, வெடிக்குமா என்று கேட்டார்கள். வெடிக்காது, கடையில் வாங்கியதல்ல, கடையிலிருந்து எடுத்தது என்று சொல்லச் சொன்னேன். அவர்களுக்கும் ஆளுக்கொரு கரண்டி போட்டோம், ஊறுகாயோடு. ஒருவன் கண்கலங்கினாலும் இரண்டாவது தடவை கேட்டு வாங்கினான். திடீரென்று நாலு பேர் வந்தால் என்ன செய்வீர்கள் என்று நான் கேட்பது இதற்குத்தான் என்று இனியாவிடம் சொன்னேன். அங்கே கோடையில் ராத்திரிச் சாப்பாடு முடிந்த பிறகும் வெயில் இருக்கிறது, அதனால் பாத்திரம் கழுவ வசதி.

பிள்ளைகள் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு போனதும் வசந்தி அக்கா என் பக்கத்தில் வந்தார்.

"ஜெயா, நாள் முழுக்க நான் மற்றாக்களுக்கு டெர்மின் குடுக்கிறனான். இண்டைக்கு உங்களிட்ட எனக்கொரு டெர்மின் வேணும்."

டாக்டரைப் பார்க்க நேரம் குறித்துக் கொடுப்பதற்கு அங்கே டெர்மின் என்று பெயர். நாங்கள் கொஞ்ச தூரம் நடந்து, விழுந்து கிடந்த மரத்தில் உட்கார்ந்தோம். நானும் இந்த நேரத்துக்குத்தான் காத்திருந்தேன். ஊரிலிருந்து மனப்பாடம் செய்துகொண்டு வந்ததை எடுக்குமுன் அவர் முந்திக்கொண்டார்.

"நான் ஒண்டு கேட்பன், கோவிக்கக் கூடாது. நிரோ சென்னையில வேலைக்கு எழுதிப் போட்டிருக்கிறான். இன்ரர்வியூவும் முடிஞ்சுது. உங்களை விட்டிட்டு இஞ்ச இருக்க ஏலாதெண்டு இனியா அழுதவளாம். அப்ப நான் வாறன் எண்டு சொல்லிப்போட்டான். அவன் போறது பிழையில்லை. ஆனா எனக்கு இஞ்ச வேற ஆர் இருக்கினம்? நீங்கள் ஒருக்கா உங்கட பிள்ளையோட கதைக்க மாட்டீங்களோ?"

பொய் சொல்ல மாட்டேன், எனக்கு முதலில் வந்தது சந்தோஷம். தலையிலிருந்து கால்வரை சந்தோஷம். கேட்காமலே கிடைத்துவிட்டது. இனி நான் வாயைத் திறக்காமல் இருந்தாலே போதும், எல்லாம் நாங்கள் நினைத்தபடி நடந்துவிடும். வியாபாரத்தில் எந்த இடத்தில் வாயை மூட வேண்டும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் நிமிர்ந்து பார்த்தால் அந்த அம்மாவின் முகம். பஸ் நிலையத்தில் பிள்ளையைத் தொலைத்துவிட்டு நிற்கிறவளுடைய முகம் அப்படித்தான் இருக்கும்.

"காலையில பேசலாம் அக்கா" என்று மட்டும் சொன்னேன். இரண்டு அம்மாக்களும் ஒரே கூடாரத்தில் படுத்தோம். அவர் தூங்கினாரோ இல்லையோ, எனக்குத் தூக்கம் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கூடாரங்களை மடித்துவிட்டு வருகிறோம் என்று பிள்ளைகள் நின்றுகொள்ள, நாங்கள் இருவரும் முன்னால் இறங்கினோம். ஏற்றம் மூச்சை வாங்கும், இறக்கம் முழங்காலை வாங்கும். பாதி வழியில் வசந்தி அக்கா ஒரு மரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். இடது முழங்கால் வீங்கியிருந்தது.

"பையைக் கொடுங்க" என்றேன்.

"வேண்டாம், இது பாரமில்லை."

"பாரமில்லன்னா கொடுக்கறதுக்கு என்ன?"

என் பையில் இப்போது துணிமணியும் தூங்குகிற பையும்தான் மிச்சம். முந்திரிக்கொத்தும் சிப்ஸும் முடிந்திருந்தன. என் பையின் வாயைத் திறந்து, அவருடைய பையை அப்படியே உள்ளே இறக்கினேன். டபராவுக்குள் டம்ளர் மாதிரி உட்கார்ந்தது. இடுப்புப் பட்டையை இழுத்துக் கட்டினால், கடைப் பெண் சொன்னபடி பாரம் இடுப்பில் வந்து நின்றது. முந்தாநாள் அடுக்கியதில் பாரம் எங்கே நின்றது என்று கேட்காதீர்கள். ஒரு கையில் ஊன்றுகோல், இன்னொரு கையில் வசந்தி அக்கா என்று மெதுவாக இறங்கினோம். அவர் விரல்கள் என் கையை இறுக்கிப் பிடித்திருந்தன. அதற்கு மேல் எனக்குத் தாங்கவில்லை.

"அக்கா, நான் உங்ககிட்ட கேக்க வந்ததே அதுதான். பிள்ளைங்க நம்ம ஊருக்கு வந்துரணும்னு வாக்கு வாங்கிட்டு வரச் சொல்லித்தான் எங்க வீட்டுக்காரர் அனுப்பினாரு. நேத்து நீங்க சொன்னப்ப எனக்கு உள்ளுக்குள்ள சந்தோஷமாத்தான் இருந்தது."

அவர் நடையை நிறுத்தவில்லை. "ஓம். அதைத்தான் கேட்க வாறீங்களெண்டு எனக்கு விளங்கினது. அதுதான் நான் முந்திக் கேட்டனான்."

இத்தனை வருஷம் கல்லாவுக்கு முன்னால் நின்றவள் நான். என்னையே ஒருவர் முந்திவிட்டார். கோபம் வரவில்லை, கையைக் குலுக்க வேண்டும் போலிருந்தது.

அடிவாரத்து ஊரில் ஞாயிற்றுக்கிழமை பஸ் எப்போதோ ஒன்று. நிறுத்தத்துக் கொட்டகையில் உட்கார்ந்தோம். சாப்பாட்டுக் கடையில் பில்லுக்குச் சண்டை போடுவோமே, அதைத்தான் அங்கே போட்டோம்.

"அக்கா, நான் அந்த வாக்கைக் கேக்கப் போறதில்ல. அவங்க இங்கயே இருக்கட்டும்."

"இல்லை, நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கோ. எனக்கு இஞ்ச வேலை இருக்கு, ஆக்கள் இருக்கினம்."

"நேத்து யாரும் இல்லன்னீங்க."

"நேற்று நான் உங்களோட இவ்வளவு பழகேல்லை."

"எனக்கு அங்க அவரு இருக்காரு. நீங்கதான் தனியா இருக்கீங்க. உங்க பிள்ளையை நான் எப்படி எடுத்துட்டுப் போவேன்?" என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். அவர் மூக்கை உறிஞ்சினார். நாய் ஒன்றைக் கூட்டிக்கொண்டு வந்த ஒரு ஜெர்மன்காரர் எங்களைப் பார்த்துவிட்டு நாயோடு தெருவின் அந்தப் பக்கம் போனார்.

பிள்ளைகள் பின்னாலேயே வந்து நின்றதை நாங்கள் கவனிக்கவில்லை. "எங்களை வச்சு ஏலம் போடுறீங்களா?" என்றாள் இனியா.

நிரோஷன் குக்கரைக் கீழே வைத்தான். "வேலை கிடைச்சா ரெண்டு வருஷம் அங்க. பிறகு ரெண்டு வருஷம் இஞ்ச. பிறகு பாப்பம். அப்பிடித்தான் நாங்கள் யோசிச்சிருக்கிறம். அதை உங்க ரெண்டு பேரிட்டையும் சொல்லப் பயம். அதால மலையில வச்சுச் சொல்லுவம் எண்டு கூட்டிக்கொண்டு வந்தனாங்கள். மலையிலயும் பயமாய் இருந்தது."

"உன்ர அம்மாவைக் கண்டோ பயம்?" என்றார் வசந்தி அக்கா.

"இல்லை. ரெண்டு பேரையும் கண்டுதான்" என்றான் அவன்.

பஸ் வருவதற்குள் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். எடுத்ததும், "என்ன, வாக்குக் கொடுத்தாங்களா?" என்றார்.

"நான் கேக்கல."

"பின்ன என்ன சொன்ன?"

"சரின்னு சொல்லிட்டேன்."

அந்தப் பக்கம் டிவி சத்தத்தைக் குறைத்தார். பிறகு கேட்டார்: "பையன் எப்படி?"

நான் திரும்பி நிரோஷனைப் பார்த்தேன். நல்ல உயரம் என்பதே அப்போதுதான் கண்ணில் பட்டது. "பையனை எங்கங்க பாத்தேன்? ரெண்டு நாளும் அவன் அம்மாவைத்தான் பாத்துட்டு இருந்தேன். அவங்க வளத்த பிள்ளைன்னா நம்ம பிள்ளையைக் கொடுக்கலாம். எந்த ஊர்ல இருந்தாலும் கொடுக்கலாம்." சொல்லச் சொல்ல எனக்கு அழுகை வந்துவிட்டது. அதை மறைக்க, முழங்கால் வீங்கியதையும் நான் கைபிடித்து இறக்கிக் கூட்டி வந்ததையும் விலாவாரியாகச் சொன்னேன்.

அவர் எல்லாவற்றையும் கேட்டார். ஊருக்குத் திரும்பி வருவதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கடைசியில், "சம்பந்தியம்மாவுக்கு முழங்கால் வலின்னு முதல்லயே சொல்லியிருந்தா, நம்ம வைத்தியர்கிட்ட ரெண்டு பாட்டில் தைலம் வாங்கிக் கொடுத்து விட்டிருப்பேனே" என்றார்.